ஹர்லிங்: ஊரின் பெயரால் ஆடும் ஆட்டம்

ஹர்லிங் அயர்லாந்தின் பாரம்பரிய மட்டைப்பந்து ஆட்டம். உலகில் மிக வேகமாக ஆடப்படும் மைதான ஆட்டங்களுள் ஒன்று. 2018இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. டப்ளினில் உள்ள குரோக் பார்க் மைதானத்தில் நடக்கும் அகில அயர்லாந்து இறுதிப் போட்டியைக் காண எண்பதாயிரம் பேருக்கு மேல் திரள்கிறார்கள். ஆனாலும் ஆடுகிறவர்களில் எவருக்கும் சம்பளம் இல்லை, வீரர்களை விலைபேசி வாங்கும் வழக்கமும் இல்லை. வளர்ந்த ஊரின் கிளப்புக்கு ஆட வேண்டும். அதில் சிறந்து விளங்கினால், மாவட்டம் போன்ற பிரிவான சொந்தக் கவுன்ட்டியின் அணியில் இடம் கிடைக்கும். ஆட்டக்காரரும் பார்வையாளரும் ஒரே மண்ணைச் சேர்ந்தவர்களாக இருப்பதே ஹர்லிங்கின் உயிர்நாடி.

ஆடும் முறை

ஒவ்வோர் அணியிலும் பதினைந்து பேர்: கோல்காப்பாளர் ஒருவர், தடுப்பாட்டக்காரர் ஆறு பேர், நடுக்களத்தில் இருவர், முன்னணியில் ஆறு பேர். மைதானம் 130 முதல் 145 மீட்டர் வரை நீளமும் 80 முதல் 90 மீட்டர் வரை அகலமும் கொண்டது. இரு முனைகளிலும் ஆங்கில 'எச்' எழுத்தின் வடிவில் கோல் கம்பங்கள் நிற்கும். குறுக்குக் கம்பி தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும். கம்பிக்குக் கீழே பந்து வலைக்குள் போனால் அது கோல். மூன்று புள்ளிகளுக்குச் சமம். கம்பிக்கு மேலே, இரு கம்பங்களுக்கும் இடையில் பந்து பறந்தால் ஒரு புள்ளி.

ஆட்டக்கணக்கில் கோல்களையும் புள்ளிகளையும் தனித்தனியே எழுதுவார்கள். 2-17 என்றால் இரண்டு கோல், பதினேழு புள்ளி, மொத்தம் 23. கம்பங்களின் அருகே வெள்ளை அங்கி அணிந்த துணை நடுவர்கள் நிற்பார்கள். கோல் விழுந்தால் பச்சைக் கொடியையும், புள்ளி கிடைத்தால் வெள்ளைக் கொடியையும் அசைப்பார்கள். குரோக் பார்க்கில் 2013 முதல், பந்து கம்பங்களுக்கு உள்ளே சென்றதா வெளியே சென்றதா என்ற ஐயத்தைத் தீர்க்கக் கேமராத் தொழில்நுட்பமும் உதவிக்கு இருக்கிறது.

பந்தைத் தரையிலிருந்து நேரடியாகக் கையால் எடுக்கக் கூடாது. மட்டையால் மேலே தூக்கிய பிறகே கையில் பிடிக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் நகரக் கூடாது. அதற்கு மேல் ஓட வேண்டுமானால் பந்தை மட்டையின் நுனியில் ஏந்தியபடியோ தட்டியபடியோ ஓட வேண்டும். எதிராளிகள் இடித்தும் மறித்தும் நெருக்கும்போது, விரைந்து ஓடிக்கொண்டே சின்னப் பந்தை மட்டை நுனியில் நிறுத்திவைப்பது பல ஆண்டுப் பயிற்சியில் வருவது. பந்தைக் கையால் எறியவும் கூடாது. உள்ளங்கையால் தட்டி மற்றவருக்கு அனுப்பலாம். நன்றாக அடித்த பந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை போகும். ஒரு முனையிலிருந்து அடித்த பந்து எதிர்முனைக்கு அருகில் போய் இறங்குவதும் உண்டு. இந்த வேகத்தை முன்னிட்டு, 2010 முதல் எல்லா நிலை ஆட்டக்காரர்களுக்கும் முகக்கம்பி வைத்த தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. கிளப் ஆட்டங்கள் 60 நிமிடம் நடக்கும். கவுன்ட்டி அணிகளின் முதல்தர (சீனியர்) ஆட்டங்கள் 70 நிமிடம்.

மட்டையும் பந்தும்

மட்டையை ஆங்கிலத்தில் ஹர்லி என்றும் ஐரிஷ் மொழியில் கமான் என்றும் சொல்கிறார்கள். இது ஆஷ் மரத்தின் அடிப்பகுதியிலிருந்து செய்யப்படுகிறது. தண்டு வேரோடு சேரும் இடத்தில் மர இழைகள் இயல்பாகவே வளைந்து ஓடும். அந்த வளைவையே மட்டையின் அகன்ற நுனியாகச் செதுக்குவதால், அடியின் அதிர்ச்சியை இழைகள் நெடுக வாங்கிக்கொள்கின்றன. நேரான பலகையில் வெட்டிய மட்டை அந்த இடத்திலேயே பிளந்துவிடும். நுனி பிளக்காமலிருக்க மெல்லிய தகரப் பட்டையைச் சுற்றி ஆணி அடிப்பார்கள். ஆட்டத்தின் நடுவே மட்டை முறிவது அன்றாடக் காட்சி. மாற்று மட்டையோடு ஒருவர் எல்லைக்கோட்டருகே காத்திருப்பார். பெரியவர்களுக்கான மட்டை பொதுவாக 32 முதல் 36 அங்குல நீளம் இருக்கும். மட்டை செய்யும் தச்சர்கள் பல ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அதே தொழிலில் இருக்கிறார்கள். ஆட்டக்காரரின் உயரம், பிடிமானம், அடிக்கும் முறை ஆகியவற்றைப் பார்த்து மட்டையை இழைத்துக் கொடுப்பது அவர்கள் கைத்திறன்.

பந்துக்கு ஸ்லிட்டர் என்று பெயர். கார்க் மரப்பட்டையை உள்ளீடாக வைத்து மேலே தோல் தைத்து இதைச் செய்வது மரபு. எடை 110 முதல் 120 கிராம். தோல் துண்டுகள் சேரும் தையல் விளிம்பு கிரிக்கெட் பந்தின் தையலைவிடப் புடைப்பாக இருக்கும். மட்டையால் தூக்கவும் கையால் பற்றவும் அந்தப் புடைப்பே உதவுகிறது.

பழைய ஆட்டம், புதிய சங்கம்

ஹர்லிங்கின் தொன்மை ஐரிஷ் புராணக் கதைகளில் பதிந்திருக்கிறது. செட்டான்டா என்ற சிறுவன், தன்மேல் பாய்ந்த காவல் நாயைப் பந்தடித்தே கொன்று கூ குலின் என்ற பெயர் பெற்ற கதை அயர்லாந்தில் எல்லோரும் அறிந்தது. 1366இல் இயற்றப்பட்ட கில்கென்னிச் சட்டங்கள், அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் இந்த ஆட்டத்தை ஆடக் கூடாது என்று தடை விதித்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் நிலக்கிழார்கள் பலர் தங்கள் நிலத்தில் அணிகளை வைத்து ஆதரித்தார்கள். தெற்கே நல்ல மேய்ச்சல் நிலமுள்ள பகுதிகளில் ஆட்டம் வேர்கொண்டதற்கு அந்த ஆதரவும் ஒரு காரணம். 1840களின் பெரும் பஞ்சம் மக்களைச் சாகடித்தும் நாட்டைவிட்டு விரட்டியும் ஊர்களைக் காலியாக்கியபோது ஆட்டமும் தேய்ந்தது.

அதை மீட்டெடுத்தது கேலிக் தடகளச் சங்கம். 1884 நவம்பர் 1 அன்று டிப்பரெரி கவுன்ட்டியின் தர்லெஸ் நகரில், ஹேய்ஸ் ஹோட்டலில் அது தொடங்கப்பட்டது. கிளேர் கவுன்ட்டியில் பிறந்த ஆசிரியர் மைக்கேல் கியூசாக் அதன் மூல ஊக்கம். மாரிஸ் டாவின் முதல் தலைவர். பேராயர் குரோக் சங்கத்தின் புரவலராக இருந்தார். குரோக் பார்க் மைதானம் அவர் பெயரைத் தாங்கியது. ஐரிஷ் மொழியும் பண்பாடும் புத்துயிர் பெற வேண்டும் என்ற எழுச்சியோடு வளர்ந்ததால், சங்கம் விடுதலை உணர்வோடும் பிணைந்தது. 1920 நவம்பர் 21 அன்று குரோக் பார்க்கில் சங்கத்தின் மற்றோர் ஆட்டமான கேலிக் கால்பந்து நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் அரசுப் படையினர் சுட்டதில் பதினான்கு பேர் இறந்தார்கள். அந்த மண் அயர்லாந்துக்காரர்களுக்கு ஆடுகளத்துக்கும் மேலான இடமாக ஆனதற்கு இதுவே காரணம்.

சங்கம் விதிகளை எழுதி, ஊருக்கொரு வகையில் இருந்த ஆட்டத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அணிக்கு 21 பேர். பிறகு 17 பேர். 1913 முதல் 15 பேர். முதல் அகில அயர்லாந்து இறுதி ஆட்டம் 1888 ஏப்ரல் 1 அன்று பிர் நகரில் நடந்தது. டிப்பரெரியின் சார்பில் தர்லெஸ் கிளப்பும் கால்வேயின் சார்பில் மீலிக் கிளப்பும் மோதின, தர்லெஸ் வென்றது. கவுன்ட்டியில் வென்ற கிளப்பே கவுன்ட்டியின் பெயரில் ஆடுவது அன்றைய வழக்கம். பல கிளப்புகளிலிருந்து சிறந்தவர்களைத் தேர்ந்து அணி அமைப்பது பின்னால் வந்தது.

கிளப்: வீட்டு வாசல்

கிளப்பின் எல்லை பெரும்பாலும் கத்தோலிக்கத் தேவாலயப் பங்கின் எல்லைதான். ஒரு பங்குக்குள் வசிப்பவர் அந்தப் பங்கின் கிளப்புக்கே ஆடுவது பல கவுன்ட்டிகளில் விதியாகவே இருக்கிறது. ஐந்தாறு வயதில் கையில் குட்டி மட்டையோடு கிளப் மைதானத்துக்கு வரும் பிள்ளை, வயதுக்கேற்ற அணிகளில் படிப்படியாக உயர்ந்து, பதின்வயதின் முடிவில் பெரியவர்கள் அணியை எட்டுகிறது. பெண்களுக்கான ஹர்லிங்குக்குக் கமோகி என்று பெயர். அதன் சங்கம் 1904இல் உருவானது. அண்ணன் ஹர்லிங்கும் தங்கை கமோகியும் ஆடும் குடும்பங்கள் ஏராளம்.

கிளப்பை நடத்துவதும் ஊர்க்காரர்களே. புல் வெட்டுவது, கோடு போடுவது, சட்டைகளைத் துவைப்பது, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது, தேநீர் போடுவது, நுழைவாயிலில் காசு வாங்குவது எல்லாம் சம்பளமில்லாத வேலைகள். வாராந்திரக் குலுக்கல் சீட்டு பல கிளப்புகளுக்கு முக்கிய வருமானம். உள்ளூர் வார இதழ்களில் ஒவ்வொரு பங்குக்கும் தனிக்குறிப்பு வெளியாகும். ஆட்ட முடிவு, குலுக்கலில் விழுந்த எண்கள், இறந்தவருக்கு இரங்கல், மணமக்களுக்கு வாழ்த்து எல்லாம் அதில் அடுத்தடுத்து இருக்கும்.

கிளப் அணிகள் தரவாரியாகச் சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் என்று பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு தரத்தில் வென்றால் மேல்தரத்துக்கு ஏறலாம். சறுக்கினால் கீழே இறங்க வேண்டும். கவுன்ட்டிச் சாம்பியனாகும் சீனியர் கிளப், மாகாணப் போட்டிக்கும் அதைத் தாண்டி அகில அயர்லாந்து கிளப் போட்டிக்கும் போகும். அகில அயர்லாந்து கிளப் போட்டி 1970-71இல் தொடங்கியது. டிப்பரெரியின் ராஸ்கிரே கிளப் முதலில் வென்றது. இந்தக் கோப்பையை அதிகமுறை வென்றது கில்கென்னி கவுன்ட்டியின் சிற்றூரான பாலிஹேலின் ஷாம்ராக்ஸ் கிளப்: 1981 முதல் 2023 வரை ஒன்பது முறை. 1981இல் வென்ற அணியில் ஃபெனலி குடும்பத்துச் சகோதரர்கள் ஏழு பேர் ஆடினார்கள். பின்னாளில் கில்கென்னிக்காகப் பத்து அகில அயர்லாந்துப் பதக்கங்கள் வென்ற ஹென்றி ஷெஃப்லினும் அதே கிளப்பின் பிள்ளை.

கிளப் ஆட்டம் எவ்வளவு நெருக்கத்தில் முடியும் என்பதற்கு 2022 பிப்ரவரியில் நடந்த இறுதி ஆட்டம் நல்ல எடுத்துக்காட்டு. பாலிஹேலும் வாட்டர்ஃபோர்டின் பாலிகன்னரும் குரோக் பார்க்கில் மோதின. கூடுதல் நிமிடங்களிலும் பாலிஹேலே முன்னிலையில் இருந்தது. மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கிய ஹாரி ரடில் கடைசித் தருணத்தில் பந்தை வலைக்குள் அடித்தார். பாலிகன்னர் 2-17, பாலிஹேல் 1-19. அதாவது 23க்கு 22. வாட்டர்ஃபோர்டு கவுன்ட்டியிலிருந்து இந்தக் கோப்பையை வென்ற முதல் கிளப் பாலிகன்னர்தான்.

கவுன்ட்டி: கொடியும் நிறமும்

கவுன்ட்டி என்ற பிரிவு ஆங்கிலேய ஆட்சியின் நிர்வாகத்துக்காக ஏற்பட்டது. அதைத் தன் போட்டிகளுக்கு அலகாகக் கொண்டதன் மூலம் சங்கம் அந்தக் கோடுகளுக்கு உணர்ச்சி ஊட்டியது. கறுப்பும் பொன்மஞ்சளும் கில்கென்னி. நீலமும் பொன்னும் டிப்பரெரி. சிவப்பும் வெள்ளையும் கார்க். பச்சையும் வெள்ளையும் லிமெரிக். நீலமும் காவி மஞ்சளும் கிளேர். ஊதாவும் பொன்னும் வெக்ஸ்ஃபோர்டு. கோடைக்காலத்தில் வீட்டு வாசல், விளக்குக் கம்பம், கார் சன்னல் எங்கும் இந்த நிறங்களைப் பார்த்தாலே எந்தக் கவுன்ட்டிக்குள் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

சீனியர் கவுன்ட்டி அணிகளின் பரிசு லியம் மெக்கார்த்தி கோப்பை. லண்டனில் வாழ்ந்த ஐரிஷ் வம்சாவளியினர் ஒருவரின் பெயரைத் தாங்கிய இந்தக் கோப்பையை முதலில் வென்றது லிமெரிக். கில்கென்னி 36 முறையும் கார்க் 30 முறையும் டிப்பரெரி 29 முறையும் அகில அயர்லாந்துப் பட்டம் வென்றிருக்கின்றன. கில்கென்னி 2006 முதல் 2009 வரையும், லிமெரிக் 2020 முதல் 2023 வரையும் தொடர்ந்து நான்கு முறை வென்றன. ஹர்லிங்கின் முக்கியப் போட்டிகள் மன்ஸ்டர், லென்ஸ்டர் என்ற இரு மாகாணங்களில் நடக்கின்றன. மேற்கிலுள்ள கால்வே 2009 முதல் லென்ஸ்டரில் ஆடுகிறது. மன்ஸ்டரில் கார்க், டிப்பரெரி, லிமெரிக், கிளேர், வாட்டர்ஃபோர்டு ஆகிய ஐந்தும் 2018 முதல் ஒன்றோடொன்று மோதுகின்றன. மூன்று அணிகள் மேலே போக, இரண்டு அணிகளின் ஆண்டு அத்தோடு முடிகிறது. தர்லெஸின் செம்பிள் மைதானத்தில் நடக்கும் மன்ஸ்டர் ஆட்டங்களைத் திருவிழாவாகவே கொண்டாடுகிறார்கள்.

கவுன்ட்டி ஆட்டக்காரர்கள் திங்கட்கிழமை காலையில் வகுப்பறைக்கோ வயலுக்கோ அலுவலகத்துக்கோ திரும்பியாக வேண்டும். கார்க்கின் ஜாக் லிஞ்ச் 1941 முதல் 1946 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அகில அயர்லாந்துப் பதக்கம் வென்றார்; அவற்றில் ஐந்து ஹர்லிங்குக்கும் ஒன்று கேலிக் கால்பந்துக்கும் உரியவை. 1966இல் அவரே நாட்டின் பிரதமரானார்.

ரசிகர்களின் ஆண்டு

ஆண்டின் தொடக்கத்தில் கவுன்ட்டிகளுக்கான தேசிய லீக். ஏப்ரல் முதல் மாகாணப் போட்டிகள். ஜூலையில் அகில அயர்லாந்து இறுதி ஆட்டம். அதன் பிறகு கவுன்ட்டிச் சட்டையைக் கழற்றிவிட்டு எல்லோரும் ஊர் கிளப்புக்குத் திரும்புகிறார்கள். அக்டோபர் வாக்கில் கவுன்ட்டியின் கிளப் இறுதி ஆட்டம். குளிர்காலத்தில் மாகாணக் கிளப் போட்டிகள். ஜனவரியில் அகில அயர்லாந்து கிளப் இறுதி. நெடுங்காலம் இந்தக் கடைசி ஆட்டம் மார்ச் 17 அன்று, புனித பேட்ரிக் நாளில் நடந்துவந்தது.

ஜூலையில் ஒரே அணியாக ஆடியவர்கள் செப்டம்பரில் எதிரெதிராக நிற்பார்கள். கவுன்ட்டிக்காகக் கோல் அடித்தவரை அன்று தோளில் தூக்கிய பக்கத்து ஊர்க்காரர், கிளப் ஆட்டத்தில் அவர் தடுமாற வேண்டும் என்று மனதார விரும்புவார். இரண்டு விசுவாசமும் ஒருவருக்குள்ளேயே முரணில்லாமல் வாழ்கின்றன.

குரோக் பார்க்கில் இரு தரப்பு ரசிகர்களையும் பிரித்து உட்காரவைக்கும் வழக்கம் இல்லை. டிப்பரெரிக்காரரின் பக்கத்து இருக்கையில் கார்க் கவுன்ட்டிக்காரர் இருப்பார். இறுதி ஆட்டச் சீட்டுகளில் பெரும்பகுதி கிளப்புகள் வழியாகவே பிரித்துத் தரப்படுவதால், ஆண்டு முழுதும் கிளப்புக்கு உழைத்தவருக்கு முன்னுரிமை கிடைக்கும். மைதானத்துக்கு வர முடியாதவருக்கு வானொலி துணை. 1926 ஆகஸ்ட் 29 அன்று கில்கென்னிக்கும் கால்வேக்கும் இடையே நடந்த அரையிறுதி வானொலியில் நேரடியாக ஒலிபரப்பானது. ஐரோப்பாவில் ஒரு மைதான ஆட்டம் நேரடியாக ஒலிபரப்பானது அதுவே முதல்முறை என்பார்கள். மிஹால் ஓ ஹெஹிர், மிஹால் ஓ முர்ஹர்ட்டி ஆகிய வர்ணனையாளர்களின் குரல் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் பல. இன்று உள்ளூர் வானொலி நிலையங்கள் கிளப் ஆட்டங்களையும் விடுவதில்லை.

காத்திருப்பு இந்த ரசிகர்களின் பெரிய குணம். 1914இல் வென்ற கிளேர் அடுத்த பட்டத்துக்கு 81 ஆண்டுகள் காத்திருந்தது. பிடி எர்லி என்ற பெண் மருத்துவர் இட்ட சாபமே தோல்விகளுக்குக் காரணம் என்று ஊர்ப்பேச்சு இருந்தது. ஆனால் சங்கம் தொடங்குவதற்கு முன்பே, 1874இல் அவர் இறந்துவிட்டார். 1995இல் ஆஃபலியை 1-13க்கு 2-8 என்ற கணக்கில் கிளேர் வென்றபோது சாபப் பேச்சும் முடிந்தது. லிமெரிக் 1973க்குப் பிறகு 2018 வரை 45 ஆண்டுகள் காத்திருந்தது. கார்க் கடைசியாக வென்றது 2005இல். 2025 இறுதி ஆட்டத்தில் டிப்பரெரிக்கு எதிராக இடைவேளையின்போது ஆறு புள்ளி முன்னிலையில் இருந்த கார்க், இரண்டாம் பாதியில் இரண்டே புள்ளிகள் எடுத்தது. டிப்பரெரி 3-27, கார்க் 1-18. இப்படித் தோற்றும் ரசிகர்கள் கட்சி மாறுவதில்லை. மாறுவதற்கு வேறு கவுன்ட்டி அவர்களுக்குக் கிடையாது.

இன்றைய கவலைகள்

ஆஷ் மரங்களை வாட்டும் பூஞ்சை நோய் 2012இல் அயர்லாந்தில் கண்டறியப்பட்டது. மட்டைக்கான மரத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே வெளிநாடுகளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. நோய் அங்கும் பரவியிருக்கிறது. மூங்கிலிலும் செயற்கைப் பொருட்களிலும் செய்த மட்டைகள் களத்துக்கு வந்துவிட்டன. ஆஷ் மரத்தின் கைப்பழக்கத்தை விட மனமில்லாதவர்கள் இன்னும் பலர்.

கிராமங்களில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவதும் இளைஞர்கள் டப்ளினுக்கும் வெளிநாடுகளுக்கும் போவதும் சிறு கிளப்புகளை வாட்டுகின்றன. பதினைந்து பேரைத் திரட்ட முடியாத ஊர்கள் பக்கத்து ஊரோடு சேர்ந்து அணி அமைக்கின்றன. நூறாண்டுப் போட்டியாளர்கள் ஒரே சட்டை அணிவது எளிதல்ல. வட, மேற்குக் கவுன்ட்டிகள் பலவற்றில் கேலிக் கால்பந்துக்கே செல்வாக்கு அதிகம். அங்கு ஹர்லிங்கை வளர்க்க ஜோ மெக்டோனா, கிறிஸ்டி ரிங், நிக்கி ராக்கர்ட், லோரி மேஹர் ஆகியோரின் பெயரில் தரவாரியான கோப்பைகள் நடத்தப்படுகின்றன. ஆனாலும் லியம் மெக்கார்த்தி கோப்பை இன்றும் சில கவுன்ட்டிகளுக்குள்ளேயே சுற்றிவருகிறது. முக்கிய ஆட்டங்கள் சில கட்டண இணைய ஒளிபரப்புக்குப் போனதும் ரசிகர்களிடையே மனக்குறையை உண்டாக்கியிருக்கிறது. காசில்லாமல் உழைத்து வளர்த்த ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்ப்பதா என்ற அவர்களின் கேள்வி நியாயமானது.

பணம் புகுந்தால்தான் விளையாட்டு உயரும் என்று நம்பும் காலத்தில், சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களும் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்களும் சேர்ந்து எண்பதாயிரம் பேர் அமரும் அரங்கை நிரப்பிக் காட்டுகிறார்கள். மரநோயையும் மக்கள்தொகைச் சரிவையும் தாண்டி ஹர்லிங் நிலைக்க வேண்டுமானால் முதலில் காக்கப்பட வேண்டியது ஊர்க் கிளப். அது இருக்கும்வரை கவுன்ட்டி அணிக்கு ஆள் பஞ்சம் வராது. அது இல்லையென்றால் கோப்பைக்குப் பொருளும் இருக்காது.